திரும்பி வரும்போது தங்குறேன்

பூமயிலு பெத்த பொண்ணே, காலை எடு. ஆளு ஒரு சாண் உசரம் இல்ல, காலு மட்டும் உலக்கையாட்டம் வந்து என் வயித்து மேல விழுது. சரி சரி, போட்டுக்க. எடுக்கச் சொன்னா மட்டும் நீ எடுக்கவா போற? கதை சொல்றேன். ஆனா ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், அம்புட்டுத்தான்.

ஒரு ஊர்ல ஒரு வீம்புக்காரி இருந்தாளாம்.

ம்.

வீம்புன்னா லேசுப்பட்ட வீம்பு இல்ல. பக்கத்து வீட்ல போயி ஒரு கை உப்பு கேக்கணுமேன்னு மூணு நாளு உப்பில்லாக் கஞ்சி குடிச்சவ. புருஷன் செத்தப்பக்கூட நாலு பேரு பாக்க அழமாட்டேன்னு மாட்டுக்கொட்டத்துக்குள்ள போயி அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உக்காந்தவ. அவளுக்கு ஒரே ஒரு மக. அந்த மகதான் அவளுக்கு எல்லாம். பேரா? ரெண்டு பேரு பேரும் கடைசில சொல்றேன், அதுவரைக்கும் முழிச்சிருந்தா.

அந்த வீம்புக்காரி வருஷம் தவறாம தை மாசம் மாலை போட்டுக்கிட்டு, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, பழனிக்கு நடப்பா. சிவகங்கைப் பக்கத்துல இருந்து ஏழு நாளு நடை. கூட முப்பது பேரு. முன்னாடி குருசாமி முருகனோட வேலைத் தூக்கிட்டுப் போவாரு. அதுல கட்டுன மணி கிணிங் கிணிங்னு கேக்கும். பின்னால சரக்கு சரக்குன்னு அறுபது காலு. நம்ம ரோட்லயும் போவாங்கள்ல, பாத்திருக்கேல்ல?

ம்.

மாலை போட்டுட்டா ஆம்பளை, பொம்பளை, கிழவன், குழந்தை எல்லாருக்கும் ஒரே பேருதான், சாமி. பெத்த தாயா இருந்தாலும் அம்மான்னு கூப்பிடக் கூடாது, சாமின்னுதான் கூப்பிடணும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்க.

அந்த நடையில நடக்குறதுகூட பெரும்பாடு இல்ல கண்ணு. பொழுது சாஞ்சா எங்க தங்குறதுங்கறதுதான் பெரும்பாடு. சூரியன் இறங்கையில சரியா ஒரு சின்ன ஊரு வரும். பஞ்சாயத்து ஆரம்பிச்சிரும். கால்ல கொப்புளம், இங்கயே தங்குவோம்பாரு ஒருத்தரு. அடுத்த ஊர்ல குழாயைத் திறந்தா தண்ணி கொட்டும், அங்க போயிருவோம்பாரு இன்னொருத்தரு. இங்க கொசு ஜாஸ்திம்பா ஒரு அம்மா. அங்க நாய்த் தொல்லைம்பா இன்னொரு அம்மா. அந்தக் குருசாமி பேரு நல்லமணி, அவருக்கு ரெண்டு மூட்டும் வலி. வேலை ஒரு மரத்துல சாத்திட்டு, முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு, இவங்க பேசி ஓயட்டும்னு உக்காந்திருப்பாரு. கடைசில அவரு என்ன சொல்றாரோ அதுதான். வேல் நின்னா எல்லாரும் நிக்கணும், வேல் கிளம்புனா எல்லாரும் கிளம்பணும்.

அப்போ அந்த மக என்ன பண்ணுனா தெரியுமா? சொல்லாம கொள்ளாம ஒருத்தரைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. நாலு நாளு நடை தூரத்துல, அதே பழனி ரோட்டு மேல, ஒரு சின்ன ஊருக்கு. நம்ம ஊரு மாதிரியா? ஆமா, நம்ம ஊரு மாதிரியேதான்னு வச்சுக்கயேன். நல்ல மனுஷன்தான் அவரு. ஆனா இவளைக் கேக்கலையே. எனக்கு மகளே இல்லைன்னு சொல்லிட்டா வீம்புக்காரி. மகளோட தட்டைக்கூட எடுத்துப் பரண்ல போட்டுட்டா.

அப்புறம் தை வந்துச்சு. நடக்க ஆரம்பிச்சாங்க. நாலாம் நாளு சாயங்காலம் அந்தச் சின்ன ஊரு வந்துச்சு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். நடந்து வர்ற சாமிகளுக்கு ரோட்டோரத்துல வரிசையா குடத்தோட நின்னு, மஞ்சத்தண்ணி ஊத்திக் காலைக் கழுவி விட்டு, தொட்டுக் கும்பிடுவாங்க. யாரு கழுவ வந்தாலும் வேணாம்னு காலை இழுக்கக் கூடாது. இழுத்தா நடந்த நடை அம்புட்டும் வீணு. வீம்புக்காரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே வரிசையில வந்தா. சளக் சளக்னு தண்ணி விழுந்துச்சு. ஒரு கை வந்து விரல் இடுக்குல இருந்த மண்ணைத் துடைச்சுச்சு. அந்தக் கையில மணிக்கட்டுக்கு மேல ஒரு தழும்பு. ஆறு வயசுல இட்லிச்சட்டி ஆவி அடிச்ச தழும்பு. இவதான் அதுக்கு மருந்து போட்டா, இவளுக்குத் தெரியாதா?

தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. இவளுக்குக் காலு ஆடுச்சு.

மக நிமிரல. தரையைப் பாத்துக்கிட்டே, "சாமி, பொழுது சாஞ்சிருச்சு. இன்னைக்கு இங்க தங்கிட்டுப் போங்க"ன்னா.

எல்லாருக்கும் தங்கத்தான் ஆசை. குருசாமியும் வேலைக் கொண்டுபோயி வேப்பமரத்துல சாத்திட்டாரு. அப்போ இவ வாயைத் திறந்தா. "இருட்டுறதுக்குள்ள அடுத்த ஊருக்குப் போயிரலாம் சாமி. எனக்கு இந்தத் தண்ணி ஒத்துக்காது."

"என் முட்டி தங்குங்குது, இந்தச் சாமி நடங்குது"ன்னு முனகிக்கிட்டே அவரு வேலை எடுத்தாரு. கிணிங் கிணிங். போயிட்டாங்க. மக குடத்தைப் புடிச்சுக்கிட்டு ரோட்லயே நின்னா. இவ திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாத்தாத்தான் என்னவாம்? கழுத்து சுளுக்கிக்குமா?

ம்.

அது முதல் வருஷம். மறு வருஷம் தையும் வந்துச்சு, நாலாம் நாளு அந்த ஊரும் வந்துச்சு. இந்தத் தடவை மக வயித்தைத் தூக்க முடியாம தூக்கிக்கிட்டு நிக்குறா. ஏழு மாசம். வயிறு முன்னாடி வருது, குடம் பக்கவாட்டுல வருது. இவ காலைக் கழுவ அவ குனிய, இவளுக்குப் பொறுக்கல.

"குனியாத"ன்னா.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் பேசுன ஒரே வார்த்தை. மக கேக்கவா போறா? அவளும் இந்த வீம்புக்காரி பெத்தவதானே. மூச்சு வாங்க உக்காந்து கழுவி முடிச்சுட்டு, "சாமி, வெந்நி வச்சிருக்கேன். மூணு வீடு தள்ளித்தான் நம்ம வீடு"ன்னா.

நம்ம வீடுன்னு சொன்னா பாத்துக்க. இவளுக்கு உள்ளுக்குள்ள ஓடிப் போயிரணும் போல இருந்துச்சு. ஆனா மருமகன் வந்து வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். கூப்பிடாத மருமகன் வீட்டுக்கு எப்படிப் போறதாம். அவரு வீட்டு வாசல்லதான் நின்னாரு. ஒரு எட்டு முன்னாடி வைப்பாரு, ஒரு எட்டு பின்னாடி வைப்பாரு. அவருக்குப் பயம், நாலு பேரு முன்னாடி திட்டிட்டா என்ன செய்யறதுன்னு. அவரு ரெண்டு எட்டு வந்தா நாம நாலு எட்டு போவோம்னு இவ நிக்குறா. இவங்க சிரிச்சா நாம கூப்பிடுவோம்னு அவரு நிக்குறாரு. குருசாமிக்கு இதுக்குள்ள விசயம் தெரியும். அவரும் பாவம், முட்டியைத் தேய்க்குற மாதிரி தேய்ச்சுக்கிட்டே எம்புட்டு நேரம்தான் உக்காந்திருப்பாரு? "தங்கலாமா சாமி?"ன்னு இவளை நேராவே கேட்டாரு. இவ வானத்தைப் பாத்தா. சூரியன் அந்தப் பக்கம் போயிருச்சு. அவரு வேலை எடுத்துட்டாரு.

என்ன சிரிக்கிற? பெரியவங்கன்னா புத்தி இருக்கும்னு நெனச்சியா? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாங்க. அந்தக் கதையில கல்லு பெத்தவகிட்ட இருந்துச்சு.

அப்புறம் மலைக்குப் போயி, படியேறி, அவ முருகன் முன்னாடி நின்னா. அங்க அழுதா. அங்க கூட்டத்துல யாரு பாக்கப் போறா? "முருகா, என் மக ரெண்டு உசுராப் பொழைச்சு எந்திரிக்கணும். எந்திரிச்சிட்டா அடுத்த தைக்கு வெறுங்காலோட வரேன். வீட்டை விட்டுக் கிளம்பி உன் மலை ஏறுறவரைக்கும் ஒரு கூரைக்கும் கீழ தலை சாய்க்க மாட்டேன். வெயிலோ பனியோ, வெட்டவெளியிலதான் படுப்பேன்"ன்னு நேந்துக்கிட்டா.

பங்குனியில சேதி வந்துச்சு. பொட்டப்பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.

அன்னைக்கே பஸ் ஏறிப் போயிருக்கலாம்ல? நீ கேக்குற, எனக்கும் அதே கேள்விதான். ஆனா அவ என்ன நெனச்சான்னா, நேந்தது நிறைவேறாம பிள்ளையைத் தூக்கக் கூடாது, தூக்குனா சாமிக்கு ஆகாதுன்னு நெனச்சா. தை வரட்டும். நடந்து போயி முருகனைப் பாத்துட்டு, திரும்பி வரும்போது மக வீட்ல இறங்கி ஒரு மாசம் தங்கணும்னு முடிவு பண்ணிட்டா. கோவம் எப்பவோ போயிருச்சு கண்ணு. அதுக்கப்புறம் அவ நாளை எண்ணிக்கிட்டுத்தான் இருந்தா. பிள்ளைக்கு வசம்பு வளையல் கோத்தா. பழஞ்சேலையைத் துவைச்சுத் துவைச்சு, பூ மாதிரி ஆக்கி, தூளி கட்டன்னு மடிச்சு வச்சா. பரண்ல கிடந்த தட்டை எடுத்துப் புளி போட்டு விளக்கி வச்சா.

ம்.

மூணாம் வருஷம் தை வந்துச்சு. வெறுங்காலு. மூணு நாளும் எல்லாரும் பள்ளிக்கூடத்துலயும் மண்டபத்துலயும் படுக்க, இவ மட்டும் வெளிய வயக்காட்டுல படுத்தா. தலையெல்லாம் பனி. லொக்கு லொக்குன்னு இருமல். நாலாம் நாளு சாயங்காலம் அந்த ஊருக்குள்ள நுழையுறா. தோள்ல மூட்டை, அதுல வளையலும் சேலையும். கண்ணு ரோட்டோரக் குடத்தையெல்லாம் தேடுது. மகளைக் காணோம்.

அப்போ மருமகன் ஓடி வந்தாரு. முன்னாடி எட்டு, பின்னாடி எட்டெல்லாம் இல்ல, நேரா ஓடி வந்தாரு. "அத்தை, வாங்க. அவளுக்கு மூணு நாளாக் காய்ச்சல். ஊசி போட்டாச்சு, மாத்திரை குடுத்தாச்சு, எறங்க மாட்டேங்குது. காலையில திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

இவ உள்ள போனா. மக பாயில கிடக்குறா. பக்கத்துல பத்து மாசப் பிள்ளை, ஒரு காலைத் தூக்கி ஆத்தா வயித்து மேல போட்டுக்கிட்டுத் தூங்குது. இவ நெத்தியில கை வச்சுப் பாத்தா, அடுப்புக்கல்லுதான். மக கண்ணைத் தொறந்து பாத்துட்டு, "அம்மா"ன்னா.

சாமின்னு சொல்லல.

"அம்மா, இன்னைக்கு ஒரு ராத்திரி எம்பக்கத்துல படுத்துக்கம்மா."

இவ கூரையை நிமிந்து பாத்தா. நேந்தது யாருக்காக? மகளுக்காக. முருகன் குடுத்த உசுரு. இன்னும் மூணு நாளு நடைதான் பாக்கி. இப்பப் போயி இந்தக் கூரைக்குக் கீழ தலையைச் சாச்சா, குடுத்தவரு திருப்பிக் கேட்டா? இந்தக் காய்ச்சலே அதுக்கான சோதனையோ என்னமோ? அவ மகளோட கையைப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னா. வெளிய படுக்குறது, வெறுங்காலு, எல்லாம்.

மக கேட்டுட்டு, "முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா"ன்னா.

"அப்படிச் சொல்லாத தாயி. மூணே நாளு. திருநீறு கொண்டாந்து உன் நெத்தியில பூசுறேன் பாரு, காய்ச்சல் பறந்துரும்."

"திரும்பி வரும்போது தங்குவியா?"

"திரும்பி வரும்போது தங்குறேன். போதும் போம்மான்னு நீ விரட்டுற வரைக்கும் தங்குறேன்."

"சரிம்மா"ன்னா மக. கண்ணை மூடிக்கிட்டே, "பாத்து நட. பாலத்துக்கிட்ட ஜல்லி கொட்டிருக்காங்க. வெறுங்காலு"ன்னா.

வாசலுக்கு வந்தா குருசாமி நிக்குறாரு. "தைப்பூசத்துக்கு இன்னும் நாலு நாளு இருக்கு சாமி. நாங்க இன்னைக்கு இங்கயே தங்குறோம். நீங்க மக கூட இருங்க"ன்னாரு. எந்த வருஷமும் இல்லாம இந்த வருஷம் ஒருத்தர்கூடக் கொசுன்னு சொல்லல, நாயின்னு சொல்லல. எல்லாரும் மூட்டையை எறக்கிட்டாங்க.

இவதான் மாட்டேன்னுட்டா. "இந்த ஊர்ல இருந்தா நான் உள்ள போயிப் படுத்துருவேன் சாமி. எம்மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நடங்க"ன்னா.

மொத வருஷம் கோவத்துல தங்கல. ரெண்டாம் வருஷம் ரோசத்துல தங்கல. மூணாம் வருஷம் பாசத்துல தங்கல. நடந்துட்டா.

ம் சொல்லு.

ம் காணோமே. தூங்கிட்டியா?

தூங்கிட்ட. தினமும் இந்த இடத்துலதான் தூங்குவ. முழிச்சிருந்தாலும் நான் இங்கனயே முடிச்சிருவேன். போனா, சாமியைக் கும்பிட்டா, திரும்பி வந்து மக வீட்ல தங்குனான்னு. நீயும் சரின்னு கண்ணை மூடிக்குவ. மிச்சக் கதை உனக்கு இன்னும் கொஞ்சம் வளந்தப்புறம். ஆனா சொல்ல ஆரம்பிச்ச கதையை நடுவுல விட்டா அது நெஞ்சுக்குள்ள அலையும் கண்ணு. அதனால நீ தூங்கு. நான் சொல்லி முடிச்சுக்கறேன்.

ஒரு நாளு நடந்தா. ரெண்டு நாளு நடந்தா. ரெண்டாம் நாளு அறுத்த வயல்ல வானத்தைப் பாத்து மல்லாந்து படுத்திருந்தவ, திடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்தா. குருசாமி படுத்திருந்த மண்டபத்துக்கு ஓடி, அவரை உலுக்கி எழுப்புனா.

"சாமி, அந்த வீட்டு வாசலுக்குக் கூரை இல்ல."

அவருக்கு ஒண்ணும் புரியல.

"வாசல்ல கயித்துக்கட்டிலு கிடந்துச்சு சாமி. அதை இழுத்துப் போட்டு அவளையும் தூக்கிட்டு வந்திருந்தா, அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு படுத்திருக்கலாம். போத்திக்கச் சேலையும் எம்மூட்டையிலதான் இருந்துச்சு. மேல வானம்தானே. நேந்ததும் கெட்டிருக்காது. எனக்கு ஏன் தோணல?"

அவரு எந்திரிச்சு உக்காந்தாரு. அப்புறம், "நாளைக்கு மலை. பாத்துட்டு ஓடிரலாம் தாயி"ன்னாரு. அவரும் சாமின்னு சொல்ல மறந்துட்டாரு.

மலை ஏறுனா. கும்பிட்டா. திருநீத்துப் பொட்டலத்தை முந்தியில முடிஞ்சா. மூணு நாளு நடந்த தூரத்தை பஸ்ஸு சர்ருன்னு ரெண்டு மணி நேரத்துல சுருட்டிருச்சு. எறங்குனா. ரோட்டோரம் குடமெல்லாம் கவுத்து வச்சிருந்துச்சு. தெருவுல செவந்திப் பூவு மிதிபட்டுக் கிடந்துச்சு. அந்தப் பூவைப் பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நடந்தா. மூணு வீடுதான். ஏழு நாளு நடந்த காலுக்கு அந்த மூணு வீடு நடக்க வரல.

மருமகன் வாசல்ல அந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தாரு. "நீங்க போன மறுநாளு சாயங்காலம் அத்தை"ன்னாரு. "உங்ககிட்டப் போனும் இல்ல. பைக்கை எடுத்துக்கிட்டு இருபது மைலு தேடுனேன். ரோடு பூரா பச்சைச் சேலை அத்தை. எல்லாரும் உங்களை மாதிரியே இருந்தாங்க."

இவ அழுதா. தெருவே பாக்க, மண்ணுல விழுந்து அழுதா.

தங்கியிருந்தா பொழைச்சிருப்பாளா? யாருக்குத் தெரியும். மாட்டான்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா அந்த ஒரு ராத்திரி இருந்திருக்கும்ல. கேட்டது அதுதானே, ஒரே ஒரு ராத்திரி.

அப்போ உள்ள இருந்து தவழ்ந்து வந்துச்சு அந்தப் பிள்ளை. தத்தக்கா புத்தக்கான்னு வந்து, கிழிஞ்சு கிடந்த இவ காலுப் பெருவிரலைப் புடிச்சுக்கிட்டு, விட மாட்டேன்னுருச்சு. முந்தியில இருந்த திருநீத்தை எடுத்து அந்த நெத்தியில பூசுனா. உள்ள போயி, அந்தக் கூரைக்குக் கீழ, மக கிடந்த அதே பாயில தலையைச் சாச்சா.

அப்புறம் அவ நடக்கவே இல்ல. ஆறு பூசம் போயிருச்சு. தை மாசமானா அந்த ரோட்ல குடத்தோட நிப்பா. வர்ற சாமிங்க காலைக் கழுவி விட்டுட்டு, இன்னைக்குத் தங்கிட்டுப் போங்கம்பா. யாராவது திரும்பி வரும்போது தங்குறோம்னு சொன்னா மட்டும் காலை விட மாட்டா. "திரும்பும்போது இல்ல சாமி, இப்ப"ம்பா. கிறுக்கின்னு நெனச்சுக்குவாங்க. நெனச்சுட்டுப் போகட்டும்.

ஒரு ராத்திரி தங்க மாட்டேன்னவ ஆறு வருஷமாத் தங்கியிருக்கா கண்ணு. போதும் போம்மான்னு சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல.

பேரு கேட்டியே. வீம்புக்காரி பேரு கிடக்குது விடு. அந்த மக பேரு பூமயிலு. அவ பெத்த பிள்ளை இப்பவும் அப்படியேதான், ஒரு காலைத் தூக்கி வீம்புக்காரி வயித்து மேல போட்டுக்கிட்டுத் தூங்குது.

கதை நடந்து நடந்து வீடு வந்து சேந்துருச்சு. தூங்கு தாயி. காலை எடுக்க வேணாம், அது அங்கயே கிடக்கட்டும்.